கெய்ர்ன்ஸிலிருந்து டவுன்ஸ்வில் வரை கடலோரமாக நடக்கலாமா? முதலை, காசோவரிப் பறவை, சொறி (ஜெல்லி மீன்) பற்றி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தனிவழி:
வணக்கம். மெல்பர்னில் படிக்கிறேன், சொந்த ஊர் பொள்ளாச்சி. டிசம்பர் விடுமுறையில் நானும் அறைத்தோழனும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வட குயின்ஸ்லாந்துக் கடலோரம் போகலாம் என்றிருக்கிறோம். கெய்ர்ன்ஸில் இறங்கி, வடக்கே கேப் ட்ரிபியூலேஷன் வரை போய்விட்டு, அப்புறம் தெற்கே டவுன்ஸ்வில் வரை. முடிந்தவரை மணலிலேயே நடப்பது, இருட்டியதும் கடற்கரையிலேயே கூடாரம் போட்டுப் படுப்பது, இதுதான் திட்டம். கையில் 3 வாரம் இருக்கிறது. டாப்ஸ்லிப், வால்பாறைப் பக்கம் நடந்த பழக்கம் உண்டு. யானைத் தடம் பார்த்து ஒதுங்கத் தெரியும், அட்டைக்கடி பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கரையில் எது இருக்கிறது, எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று பிடிபடவில்லை. "எல்லாமே ஆளைக் கொல்லும்" என்று சிலர் எழுதுகிறார்கள், "ஒன்றும் ஆகாது, போய் வா" என்று சிலர். உள்ளதை உள்ளபடி யாராவது சொல்லுங்கள்.

கடல்நாரை:
டவுன்ஸ்வில்லில் 9 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் இந்தக் கரையில்தான் எங்காவது நடந்துகொண்டிருப்பேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் தம்பி.

முதலில் திட்டத்தையே மாற்ற வேண்டும். கெய்ர்ன்ஸுக்கும் டவுன்ஸ்வில்லுக்கும் இடையே சாலை வழி 350 கிலோமீட்டர் வரும். தூரத்தைக்கூட நடந்துவிடலாம். ஆனால் இந்தக் கரை ஒரே நீட்டு மணல் இல்லை. சில கிலோமீட்டருக்கு ஒரு ஓடையோ ஆறோ கடலில் சேரும். சேருமிடத்தில் அலையாத்திக் காடு, கலங்கல் தண்ணீர், அதில் உவர்நீர் முதலை. அப்படி ஒரு முகத்துவாரத்தை முதுகுப்பையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கடப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். இங்கே எல்லாரும் ஊருக்கு ஊர் பேருந்தில் போவார்கள், ஒவ்வோர் ஊரிலும் வகுத்து வைத்த பாதைகளில் நடப்பார்கள். மிஷன் பீச், கார்ட்வெல், ஹிஞ்சின்புரூக் தீவு, மேக்னடிக் தீவு எல்லாம் அப்படித்தான்.

அடுத்தது காலம். டிசம்பர் மழைக்காலத்தின் வாசல். டல்லி என்று ஓர் ஊர் வழியில் வரும். 1950-ல் அந்த ஊரில் பெய்த மழை 7,900 மில்லிமீட்டர். அதன் நினைவாக 7.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு ரப்பர் பூட்ஸையே ஊருக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மழை மட்டும் என்றால் நனைந்துகொண்டே நடக்கலாம். ஆனால் அதே மாதங்களில்தான் கடலில் பெட்டிச் சொறி வரும், முதலைகள் இனப்பெருக்கத்துக்காக அதிகம் நடமாடும், புயல் எச்சரிக்கையும் வரும். உங்களால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் வர முடியுமா என்று பாருங்கள்.

முதலை பற்றி. குயின்ஸ்லாந்தில் 1974 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதற்கு முன் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு ஏறக்குறைய ஒழித்தேவிட்டார்கள். இப்போது அது தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. பிழைத்து வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதனோடு வாழ்வதற்கு ஒழுங்கு வேண்டும். தண்ணீரின் ஓரத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கூடாரம் என்றால் 50 மீட்டர் தள்ளி, உயரமான இடத்தில். மீனைக் கரையிலேயே சுத்தம் செய்து குடலை வீசாதீர்கள். மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் முதலை இல்லை என்று எண்ணாதீர்கள், பலகையைப் படித்துவிட்டு வருவதும் போவதும் அதற்கு வழக்கமில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2016 மே மாதம் கேப் ட்ரிபியூலேஷனுக்குத் தெற்கே தார்ன்டன் கடற்கரையில், இரவு பத்தரை மணி வாக்கில், இரண்டு தோழிகள் இடுப்பளவு நீரில் இறங்கினார்கள். ஒருவர் திரும்பவில்லை. அந்தக் கடற்கரையைப் பகலில் பார்த்தால் எவருக்கும் கால் நனைக்கத் தோன்றும், அவ்வளவு அழகு. இருட்டில் ஓதம் (கடல் ஏற்றம்) ஏறிய நீரில் என்ன இருக்கிறதென்று மேலிருந்து தெரியவே தெரியாது.

மண்டைதீவான்:
கடல்நாரை சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. நான் இன்னிஸ்ஃபெயிலுக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டத்தில் 6 வருசம் வேலை செய்தவன். இதே முதலை இலங்கையிலும் உண்டு, செம்மூக்கன் என்று சொல்லுவார்கள். ஒடிசாவின் பித்தர்கனிகாவில் இருப்பதும் இதுவேதான். ஒரே இனம்.

தம்பிக்கு ஒன்று விளங்க வேணும். முதலை ஒரு நாள் பார்த்துப் பாய்வதைவிட, பல நாள் பார்த்துப் பாய்வது அதிகம். நாங்கள் வேலை முடிந்து பின்னேரம் ஆற்றங்கரையில் தூண்டில் போடுவோம். படகு இறக்கும் சாய்தளத்தில் ஒருவர் தினமும் அதே நேரத்துக்கு, அதே படியில் குந்தி மீன் வெட்டுவார். ஒரு கிழமையாக நாங்கள் ஒன்றும் காணவில்லை. பிறகு ஒரு நாள் அவர் வராத நேரம், அந்தப் படிக்கு நேரே, ஒரு பாகம் (ஆறடி) தள்ளி, இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் நீருக்கு மேலே. சத்தமில்லை, அலையில்லை. அது அவரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றோடு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மீன் வெட்டத் தொடங்கினார்.

ஆகவே ஒரே இடத்தில் இரண்டு முறை தண்ணீர் மொள்ளக் கூடாது. இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

தனிவழி:
அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. படித்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கடற்கரையில் படுக்கும் திட்டத்தைக் கைவிட்டாயிற்று.

ஒரு சந்தேகம். டிசம்பரிலேயே வர நேர்ந்தால் கடலில் இறங்கவே முடியாதா? பவளப்பாறையைப் பார்க்காமல் திரும்புவதற்கு மனசு வரவில்லை. சொறி என்றால் நம் ஊர்க் கடலிலும் உண்டுதானே, அரிப்போடு போய்விடும் என்பார்களே?

கடல்நாரை:
நம் ஊர்ச் சொறியை மனதில் வைத்துக்கொண்டு இங்கே இறங்கிவிடாதீர்கள். இந்தக் கரையில் கவலைப்பட வேண்டியவை இரண்டு.

ஒன்று, பெட்டிச் சொறி. குடை 30 சென்டிமீட்டர் வரை வளரும், கீழே 60 வரை இழைகள், ஒவ்வோர் இழையும் 3 மீட்டர் வரை நீளும். மற்ற சொறிகளைப் போல் நீரோட்டத்தில் மிதந்து வருவதில்லை. கண் உண்டு, நீந்தி வரும். ஆழமில்லாத கரையோரம்தான் அதற்குப் பிடித்த இடம், குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். 1955 ஜனவரியில் கார்ட்வெல் கரையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இப்படி இறந்தான். போலீஸார் அந்தக் கடலை வலை போட்டு அரித்தபோது அதுவரை பெயரிடப்படாத ஒரு சொறி கிடைத்தது. அதை ஆராய வழி செய்தவர் கெய்ர்ன்ஸ் மருத்துவர் ஹியூகோ ஃப்ளெக்கர், அதனால் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். இழை உடம்பில் அதிகம் சுற்றிவிட்டால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும்.

இரண்டு, இருகாஞ்சி. கெய்ர்ன்ஸுக்கு வடக்கே வாழ்ந்த பூர்வகுடியின் பெயர் அது. விரல் நகத்தளவுதான் இருக்கும், நீரில் கண்ணுக்கே தெரியாது. கொட்டியபோது பெரிதாக வலிக்கவும் வலிக்காது. அரை மணி நேரம் கழித்து முதுகு வலி, வாந்தி, வியர்வை, செத்துவிடப் போகிறோம் என்ற திகில், எல்லாம் ஒன்றாக வரும். பல வருடங்களாக இதற்குக் காரணம் எதுவென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 1961-ல் ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் கடலுக்கு அடியில் மணிக்கணக்கில் கிடந்து இந்தச் சின்னப் பூச்சியைப் பிடித்தார். இதுதானா என்று உறுதி செய்யத் தன்மேலும், தன் ஒன்பது வயது மகன் மேலும், ஓர் இளம் உயிர்காப்பாளர் மேலும் கொட்டவைத்துப் பார்த்தார். மூவரும் மருத்துவமனையில்தான் போய் முடிந்தார்கள், மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மகன் மேல் சோதித்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆனால் வார்டில் ஒருவர் இந்த வலியோடு வந்து படுக்கும்போது எங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதற்கு அந்த நாள்தான் தொடக்கம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நவம்பர் முதல் மே வரை வலை கட்டிய பகுதிக்குள் மட்டும் இறங்குங்கள். வலை பெட்டிச் சொறியைத்தான் தடுக்கும், இருகாஞ்சி உள்ளே வந்துவிடும். அதனால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் மெல்லிய லைக்ரா உடுப்பு கட்டாயம். பவளப்பாறைக்குப் போகும் படகுகளில் அதைத் தருவார்கள். டிசம்பரிலும் பவளப்பாறையைப் பார்க்கலாம், அந்த உடுப்போடு. கெய்ர்ன்ஸில் கடலோரமாகவே ஒரு பெரிய நீச்சல் குளம் கட்டி வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. ஊருக்கு முன்னால் இருக்கும் கடல் சேறும் முதலையுமாக இருப்பதால்தான் அந்த ஏற்பாடு.

கொட்டிவிட்டால்: நீரை விட்டு வெளியே தூக்குங்கள். கடற்கரைக் கம்பங்களில் வினிகர் பாட்டில் இருக்கும், அதைக் குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். 000 எண்ணை அழையுங்கள். மூச்சு நின்றால் மார்பை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பாக்நீரிணை:
மண்டபம் பக்கத்துக்காரன், கடல்வாழ் உயிரியல் படித்தவன். வினிகர் பற்றி ஒரு கேள்வி. 2014-ல் வந்த ஓர் ஆய்வு, இழைகளில் ஏற்கெனவே வெடித்த கொட்டு உறைகளில் (நஞ்சு அடைத்த நுண்பைகளில்) மீதமிருக்கும் நஞ்சையும் வினிகர் வெளியே தள்ளிவிடுகிறது என்றதே? அதற்குப் பிறகும் ஊற்றச் சொல்வது சரியா?

கடல்நாரை:
நல்ல கேள்வி. அந்த ஆய்வு ஆய்வகத்தில் சவ்வின் மேல் செய்தது. இழை ஒட்டியிருக்கும்போது வெடித்தவற்றைவிட வெடிக்காதவைதான் பல மடங்கு. அவை அடுத்தடுத்து வெடிக்காமல் நிறுத்துவது வினிகர். அதனால் இங்கே முதலுதவி வழிகாட்டுதல் மாறவில்லை. கம்பங்களில் பாட்டில் இன்றும் இருக்கிறது, எங்கள் பயிற்சியிலும் அதுதான் முதல் படி.

மலைப்பாதை:
இந்த உரையாடல் முழுக்கப் பயமாகவே இருக்கிறது, நான் ஒரு நல்ல நினைவைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு மிஷன் பீச் பக்கம் ஒரு முகாமில் தங்கியிருந்தோம். காலையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது புதரை விலக்கிக்கொண்டு ஒரு காசோவரி வந்தது. ஆள் உயரம். நீலக் கழுத்து, தொங்கும் சிவப்புத் தாடி, தலையில் கொண்டை போல ஒரு கொம்புத் தகடு. கறுப்புச் சிறகு மயிர் போலத் தொங்குகிறது. ஏதோ பழைய காலத்திலிருந்து நேராக நடந்து வந்தது போல இருந்தது. என் மனைவி ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள், மெதுவாக வாங்கி அப்படியே விழுங்கியது. இன்னொன்றும் கொடுத்தோம். ஐந்து நிமிடம் எங்களோடு இருந்துவிட்டுப் போனது. எங்கள் வாழ்வின் மிகச் சிறந்த காலைப்பொழுது அதுதான். அன்பாக இருந்தால் அதுவும் அன்பாகத்தான் இருக்கிறது. படத்தையும் இணைத்திருக்கிறேன்.

கடல்நாரை:
மலைப்பாதை, உங்கள் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. காசோவரியை முதல்முறை பார்த்த அன்று நான் அழுதேவிட்டேன். ஆனால் அந்த வாழைப்பழத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

குயின்ஸ்லாந்தில் மனிதர்மேல் நடந்த 150 காசோவரித் தாக்குதல்களை ஆராய்ந்து 1999-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவற்றில் முக்கால்வாசி, முன்பு மனிதர் கையால் தீனி வாங்கிய பறவைகள் செய்தவை. பறவை கோபக்காரன் இல்லை. நேற்று ஒருவர் கொடுத்தார், இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள், கொடுக்கவில்லை. அது கேட்கும், நெருங்கும், அப்புறம் உதைக்கும். உள்பக்க விரலில் 12 சென்டிமீட்டர் வரை நீளும் கத்தி போன்ற நகம். ஆஸ்திரேலியாவில் காட்டுக் காசோவரியால் ஒருவர் இறந்ததாகப் பதிவாகியிருப்பது ஒரே முறை, 1926-ல் மாஸ்மன் பக்கம். இரண்டு சிறுவர்கள் அதைத் தடியால் அடித்துக் கொல்லப் போனபோது நடந்தது. சும்மா விட்டால் ஒதுங்கிப் போகும் பறவை அது.

நான் அதிகம் வருந்துவது பறவைக்காகத்தான். தீனி பழகிய காசோவரி சாலையோரத்துக்கும் முகாமுக்கும் வரும். வண்டி அடித்தும் நாய் கடித்தும்தான் இங்கே அவை அதிகம் சாகின்றன. ஒரு தங்கும் விடுதிக்குப் பின்னால் எல்லாரும் பழத்தோல் வீசும் இடத்துக்கு ஒரு பெட்டை தினமும் வரும். நான் அங்கே இரண்டு முறை தங்கியிருக்கிறேன். மூன்றாம் முறை போனபோது அது இல்லை. விடுதிக்கு நூறு அடி தள்ளி, சாலை வளைவில் வண்டி அடித்திருக்கிறது. காட்டிலிருந்து அது சாலையைக் கடந்ததே அந்தத் தோலுக்காகத்தான்.

ஒரு காசோவரி போனால் போவது ஒரு பறவை மட்டுமில்லை. பெரிய விதையுள்ள பழங்களை முழுசாக விழுங்கி, கிலோமீட்டர் தள்ளி எச்சத்தோடு போடுவது அது ஒன்றுதான். நூற்றுக்கணக்கான மர இனங்களுக்கு விதை சுமப்பது அதன் வயிறு. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் அடுத்த முறை பழத்தோடு போவார்கள்.

மலைப்பாதை:
நீங்கள் சொல்லும் எண்ணிக்கை எனக்குத் தெரியாதது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2011-ல் யாசி புயல் மிஷன் பீச்சைச் சிதைத்த பிறகு அரசே காசோவரிகளுக்குப் பழம் வைத்ததே? அப்போது பறவை கெட்டுப்போகவில்லையா? அவர்கள் செய்தால் பாதுகாப்பு, நாங்கள் செய்தால் குற்றமா?

கடல்நாரை:
இது நியாயமான கேள்வி. நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

யாசி 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி அதிகாலை கரையேறியது. ஐந்தாம் வகைப் புயல். ஒரே இரவில் காட்டில் ஒரு மரத்திலும் பழமில்லை, இலைகூட இல்லை. 2006-ல் லாரி புயலுக்குப் பிறகும் இப்படித்தான் ஆனது. பசியில் பறவைகள் ஊருக்குள் வந்து வண்டியில் அடிபடத் தொடங்கியதால், ஊரையும் சாலையையும் விட்டு விலகிய இடங்களில் தீனி வைத்தார்கள். பறவை மனிதனைப் பார்க்கக் கூடாது, மனிதனோடு பழத்தைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. காட்டில் மறுபடி காய்த்ததும் நிறுத்திவிட்டார்கள். பறவையைக் காட்டுக்குள்ளேயே வைத்திருக்கப் போட்ட பழம் அது. கையில் நீட்டிய பழம் அதைக் காட்டிலிருந்து வெளியே வரவைக்கிறது.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அன்று அந்த முகாமில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மலைப்பாதை:
படத்தை எடுத்துவிட்டேன். மனைவியிடமும் படித்துக் காட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பறவை இப்போது உயிரோடு இருக்குமா?" என்னிடம் பதில் இல்லை.

மாந்தோப்பு:
பெரியவற்றைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். கேப் ட்ரிபியூலேஷனில் ஒரு மாதம் தங்கியவன் என்ற முறையில், நம் கூடாரத்துக்குள்ளேயே வரும் சின்னவற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல்நாள் கிளையை விலக்கியதும் கழுத்தில் சுரீர் என்றது. பார்த்தால் முசிறு! நம் மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டுமே, அதே எறும்பு, அதே இனம். ஆனால் அங்கே வயிறு மட்டும் பச்சை. பூர்வகுடி மக்கள் சளிக்கும் தலைவலிக்கும் மருந்தாகப் பயன்படுத்துவார்கள். ஒரு வழிகாட்டி அந்தப் பச்சை வயிற்றை நாக்கில் தொட்டுப் பார்க்கச் சொன்னார், எலுமிச்சை போல அப்படி ஒரு புளிப்பு. இத்தனை வருடம் மாந்தோப்பில் கடி வாங்கினேன், இது ஒருநாளும் தெரியாது. கடற்கரைக்கு மேலே பார்த்தால் நம் செம்பருந்து, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதேதான் வட்டமடிக்கிறது. அவ்வளவு தூரம் போய் நம் ஊர் ஆட்களையே பார்த்தது போல இருந்தது.

இரவில் யாரோ பெண் அலறுவது போல நீண்ட ஓலம் கேட்கும். பயந்து 000 எண்ணுக்கு அடித்துவிடாதீர்கள். நம் ஊர்க் கண்கிலேடியின் உறவுக்காரப் பறவை, நீளக் கால், பெரிய மஞ்சள் கண். பகலில் அதே பறவை விடுதி வாசலில் அசையாமல் சிலை போல நிற்கும்.

கழிவறையில் உள்ளங்கை அளவு பச்சைத் தவளை உட்கார்ந்திருக்கும், கீழுதட்டில் வெள்ளைக் கோடு. ஒன்றும் செய்யாது, அதன் போக்கில் விடுங்கள்.

உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஒரு செடியிடம். கிம்பி கிம்பி என்பார்கள். நெஞ்சு வடிவத்தில் பெரிய இலை, ஓரம் ரம்பப் பல், மேலே மெத்தென்று பூனைமயிர். பாதையோரம் வெயில் விழும் இடத்தில்தான் முளைக்கும். அந்த மயிர் அத்தனையும் நஞ்சு நிரம்பிய கண்ணாடி ஊசி. தொட்டால் வலி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும், காய்ந்த சருகும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல், மயிர் நீக்கும் மெழுகுப் பட்டையை ஒட்டி உரித்தெடுக்க வேண்டும். என் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருந்தது.

அப்புறம் வற்றத்தில், கடல் பின்வாங்கிய நேரத்தில், மணலைப் பாருங்கள். நண்டுகள் மணலைத் தின்று துப்பிய குட்டிக் குட்டி உருண்டைகள் கோலம் போட்டது போலக் கரை முழுக்க விரிந்திருக்கும். அடுத்த ஓதம் வந்தால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி வற்றினால் மறுபடி போடும். நான் நிறைய நேரம் செலவழித்தது அதன் முன்னால்தான்.

கடல்நாரை:
மாந்தோப்பு எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். பழந்தின்னி வௌவால் கீழே விழுந்து கிடந்தால் இரக்கப்பட்டுக் கையால் எடுக்காதீர்கள். வெறிநாய்க்கடி நோய்க்கு நெருக்கமான வைரஸ் அவற்றில் சிலவற்றிடம் உண்டு. கீறினாலும் மருத்துவமனைக்கு வந்து தடுப்பூசி போட வேண்டும். வனவிலங்கு மீட்பவர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் தடுப்பூசி போட்டவர்கள். 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸில் வெப்பம் 42 பாகையைத் தாண்டிய இரண்டே நாளில் கண்ணாடி போட்டது போல முகமுள்ள பழந்தின்னிகள் 23,000 செத்து விழுந்தன. நாட்டில் இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு மரத்தில் அவை தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

தனிவழி:
முடிவு செய்துவிட்டோம். டிசம்பர் வேண்டாம், ஆகஸ்ட் கடைசியில் வருகிறோம். அக்கா, நீங்கள் ஹிஞ்சின்புரூக் என்று எழுதினீர்களே, அங்கே உண்மையாகவே முதுகுப்பையோடு நாள்கணக்கில் நடக்கலாமா?

கடல்நாரை:
நடக்கலாம். இந்தக் கரையிலேயே எனக்கு மிகப் பிடித்த நடை அதுதான், தார்ஸ்போர்ன் பாதை. தீவின் கிழக்குக் கரையோரம் 32 கிலோமீட்டர், ராம்சே விரிகுடாவிலிருந்து ஜார்ஜ் முனை வரை, வழக்கமாக 4 நாள். ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் அனுமதியில்லை, அதனால் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். கார்ட்வெல்லிலிருந்தோ லூசிண்டாவிலிருந்தோ படகு.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ லிட்டில் ராம்சேயிலிருந்து ஜோ விரிகுடா வரை 10.5 கிலோமீட்டர் வரும். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாறையும் வேரும் ஓடையுமாக அது முழுநாளைத் தின்றுவிடும். ஓடைகளை வற்றத்தில் மட்டும் கடக்க வேண்டும், ஓத அட்டவணையை அச்சடித்துக் கொண்டுவாருங்கள். ஜோவின் கரையோர ஓடையில் முதலை உண்டு. மேலே அருவிக்குக் கீழே இருக்கும் குளம் தெளிவானது, குளிக்கலாம். கால் காயத்தை மீன்கள் வந்து கொறிக்கும், கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

தீயே மூட்டக் கூடாது, எரிவாயு அடுப்பு மட்டும். குப்பை ஒரு துண்டு விடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். அங்கே நம்மை உண்மையில் சோதிப்பது எலி. வெள்ளைவால் பேரெலி தேங்காயையே கடித்துத் திறக்கும். முகாம்களில் உலோகப் பெட்டி வைத்திருக்கிறார்கள், உணவையும் பற்பசையையும் அதற்குள் போடுங்கள். பிறகு முதுகுப்பையின் எல்லா ஜிப்பையும் திறந்தே வையுங்கள். எலி உள்ளே போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிவிடும். மூடி வைத்தால் துணியில் ஓட்டை போட்டு உள்ளே போகும். முதல் தடவை எனக்கு இது தெரியாது, பையின் அடியில் இன்னும் தைத்த அடையாளம் இருக்கிறது.

மண்டைதீவான்:
அந்தப் பாதையின் பெயரைப் பற்றியும் தம்பி அறிய வேணும். ஆர்தர், மார்கரெட் தார்ஸ்போர்ன் என்று ஒரு தம்பதி. நியூகினியிலிருந்து வெள்ளைப் புறாக்கள் கூட்டமாகப் பறந்து வந்து, ஹிஞ்சின்புரூக்குக்கு வடக்கே ஒரு சின்னத் தீவில் கூடு கட்டும். பகலில் பெருநிலத்துக் காட்டில் பழம் தின்று, பின்னேரம் தீவுக்குத் திரும்பும். வரும் வழியில் நின்று ஆட்கள் விளையாட்டுக்குச் சுட்டுத் தள்ளினார்கள். அறுபதுகளில் எண்ணிக்கை 5,000-க்கும் கீழே போய்விட்டது. இவர்கள் இருவரும் 1965 முதல் வருசா வருசம் அந்தத் தீவில் குந்தி ஒவ்வொரு பறவையாக எண்ணினார்கள். அந்தக் கணக்கைக் காட்டித்தான் பாதுகாப்பு வந்தது. பிறகு 30,000-ஐயும் தாண்டிவிட்டது. கடைசி ஆகஸ்டில் போனால் முதல் கூட்டம் வந்து சேரும் நேரம், பின்னேரம் ஐந்து மணிக்குக் கடலைப் பாருங்கள்.

தனிவழி:
எல்லாருக்கும் வணக்கம். போய் வந்துவிட்டோம், 19 நாள். சொல்ல நிறைய இருக்கிறது, மூன்றை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

ஹிஞ்சின்புரூக்கில் ஜிப்பைத் திறந்தே வைத்தோம். இரவில் எலி பைக்குள் போய் என் சாக்ஸை மட்டும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பை தப்பித்தது. மூன்றாம் நாள் மாலை வெள்ளைப் புறாக்களைப் பார்த்தோம், ஆறேழு பேராகத் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து போயின. என் நண்பன் எண்ணத் தொடங்கினான். 112 வரை எண்ணியபோது இருட்டிவிட்டது.

மேக்னடிக் தீவில் பாறை வாலபிகள் (சின்னக் கங்காரு போன்றவை) கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நின்றன. பக்கத்தில் ஒரு குடும்பம் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. நான் பேசத் தயங்கும் ஆள். ஆனால் மலைப்பாதை அண்ணனின் மனைவி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது, போய்ச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை, பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டார்.

மூன்றாவது, மிஷன் பீச்சுக்குப் பக்கத்தில் லேசி ஓடைப் பாதை. காலை ஏழு மணி. முன்னால் நடந்த நண்பன் கையைத் தூக்கினான். பாதைக்கு நடுவில் காசோவரி, அதன் காலடியில் கோடு போட்ட மூன்று குஞ்சுகள். அடைகாப்பதும் வளர்ப்பதும் அப்பாதான் என்று படித்திருந்ததால் அது தகப்பன் என்று தெரிந்தது. நாங்கள் முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்து ஒரு மரத்துக்குப் பின்னே நின்றோம். அது ஒரு உறுமல் விட்டது. காதில் கேட்டதைவிட நெஞ்சில் அதிகம் உணர்ந்தேன். குஞ்சுகள் கீழே கிடந்த பழங்களைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்குப் பழம் தொண்டையில் சிக்கி, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கியது. ஏறத்தாழ இருபது நிமிடம். பிறகு தகப்பன் பிரம்புப் புதருக்குள் நுழைந்தது, மூன்றும் வரிசையாகப் பின்னாலேயே போயின. போன இடத்தில் ஒரு குவியல் எச்சம், அதில் கோலிக்குண்டு அளவு விதைகள், ஒன்றிலிருந்து முளை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படம் எடுத்தது அதை மட்டும்தான்.

மலைப்பாதை:
தம்பி, இரண்டு முறை படித்துவிட்டேன். வீட்டில் இன்னொருவர் இப்போது மூன்றாம் முறை படித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு நாங்களும் அந்த ஓடைப் பாதைக்குப் போகிறோம், வெறுங்கையோடு.

கடல்நாரை:
மூன்று குஞ்சுகளா! தேதி, நேரம், இடம் குறித்து வைத்திருக்கிறீர்களா? குயின்ஸ்லாந்துச் சுற்றுச்சூழல் துறைக்குக் காசோவரி பார்த்த விவரத்தை அனுப்பலாம். குஞ்சுகளின் எண்ணிக்கையையும் தவறாமல் எழுதுங்கள்.

தனிவழி:
குறித்து வைத்திருக்கிறேன் அக்கா. இன்று இரவே அனுப்பிவிடுகிறேன்.